அரிவாள்மணை பிளந்த ஞாயிறு: ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சொதிக்கு, அதாவது எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்புக்கு, இரண்டு தேங்காய் துருவ வேண்டும். மூன்று மூடி முடித்து நாலாவதைத் துருவல் நுனியில் வைத்து அழுத்தினேன். எனக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம். குழம்புச் சட்டியில் ஏதோ வெடித்தது என்றுதான் முதலில் நினைத்தேன். எழுந்து பார்த்தால், அரிவாள் அலகு நிற்கும் இடத்தில் தொடங்கிப் பலகையின் முன்விளிம்பு வரை ஒரு விரிசல். அலகைத் தொட்டதும் இடமும் வலமுமாக ஆடியது.

அதற்கு மேல் அதில் உட்காரவில்லை. மீதி ஒரு மூடியைக் கத்தியால் கீறி எடுத்து மிக்சியில் போட்டேன். சொதி நன்றாகத்தான் வந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டில் யாரும் சொதியைப் பற்றிப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பலகை என் கணவர் செய்தது. அவருக்கு வங்கி வேலை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் மாடியில் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவார். நாலு வருடமாக உளியும் இழைப்புளியும் பிடிக்கிறார். முதலில் ஒரு முக்காலி, அப்புறம் எனக்கு ஓர் அஞ்சறைப் பெட்டி, அதற்கப்புறம் இது. பலகை ஏன் பிளந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் ஒத்துப்போகவில்லை. “நீ தொட்டிக்குள்ள போட்டுக் கழுவுன, மொட்டை வெயில்ல சாத்தி வச்ச, அதான்” என்பது அவர் கட்சி. “நீங்க பச்சை மரத்துல செஞ்சீங்க” என்பது என் கட்சி. கடைசியில் பலகையைக் கழற்றி, அளந்து, ஒரு துண்டை அடுப்பில்கூட வைத்துப் பார்த்தோம். கிடைத்த விடை இரண்டு கட்சிக்கும் சாதகமாக இல்லை.

பலகை வந்த கதை

அலகு அவருடைய ஆச்சியுடையது. பழைய இரும்பு, நுனியில் துருவல் பல், நடுவில் தேய்ந்து லேசாக உள்வாங்கியிருக்கும். அடிக்கட்டையைச் செல் அரித்துவிட்டதால் பரணில் கிடந்தது. வாரநாளில் எனக்குக் கத்தியும் மேடையும் போதும். எட்டரைக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டிய வீட்டில் அரிவாள்மணைக்கு நேரம் ஏது. ஞாயிற்றுக்கிழமைதான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, காலை மடக்கி, நிதானமாக நறுக்குவது. வாழைப்பூவும் முருங்கைக்காயும் கத்தியைவிட இதில்தான் எனக்குச் சரிப்படும். இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், அலகு அசையாது, காய்தான் போய் வரும். அந்த ‘அசையாது’ என்பது முழுக்க அடிப்பலகையின் பொறுப்பு. உட்காருகிறவரின் எடையும் அதன் மேல்தான்.

முந்தின புரட்டாசியில் பக்கத்து வீட்டு மாமரம் காற்றில் சாய்ந்தது. கேட்டதும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அறுவை மில்லில் பலகையாக அறுத்து, கொட்டகையில் அடுக்கிவைத்து, எட்டு வாரம் கழித்து, நல்ல அடைமழைக் கார்த்திகையில் அரிவாள்மணையாக்கினார். அட்டையில் அச்சு வெட்டி அதை வைத்துக் கோடு போட்டது நினைவிருக்கிறது. அந்த அட்டைதான் பிறகு முக்கியமான சாட்சியாக வந்தது.

அமைப்பு எளிது. 18 அங்குல நீளம், ஒன்றரை அங்குலக் கனம். அடியில் குறுக்காக இரண்டு கால் கட்டைகள், பசையும் ஸ்க்ரூவும் போட்டு. முன்பக்கம், ஆச்சி காலத்து அலகின் அடியில் இருக்கும் இரும்புப் பட்டை பலகையின் குறுக்கே உட்காரும். அதில் இரண்டு துளை, இரண்டு போல்ட், நன்றாக முறுக்கிய நட்டு. மேலே எண்ணெய்ப் பூச்சு.

முதல் மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. மாசி வாக்கில் ஆட்டம் தொடங்கியது. துருவும்போது பலகையின் ஒரு மூலை தரையில் ‘டக் டக்’ என்று தட்டும். தரை சரியில்லை என்று நினைத்து இடம் மாற்றி உட்கார்ந்தேன். அப்போதே பலகையைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால் ஒரு தேங்காய் மூடி மிக்சிக்குப் போயிருக்காது.

கழற்றிப் பார்த்ததில்

அலகைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, அதன் பிறகுதான் நட்டைத் தொட்டோம். நட்டு இரண்டும் விரலாலேயே சுழன்றன. கார்த்திகையில் ஸ்பேனர் போட்டு இறுக்கியவை. மரம் கனத்திலும் வற்றியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துபோனது.

அட்டை அச்சை எடுத்துப் பலகை மேல் வைத்தார். அச்சு 180 மில்லிமீட்டர் அகலம். பலகையின் நடுவில், எதுவும் பூட்டப்படாத இடத்தில், 175. இரும்புப் பட்டை இருந்த இடத்தில் 178. விரிசலின் வாய் 3 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்ணையும் என் மளிகைக் கணக்கு நோட்டில்தான் எழுதினோம், உளுந்துக்கும் வத்தலுக்கும் கீழே.

நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை, அதனால் 5 மில்லிமீட்டர் வற்றியது, அவ்வளவுதான். முன்பக்கம் அப்படி வற்ற முடியவில்லை. பட்டையின் இரண்டு துளைக்கும் இடைவெளி 110. இரும்பு வற்றாது. இரண்டு போல்ட்டுக்கும் இடையில் இருந்த மரம் 3 மில்லிமீட்டர் சுருங்கப் பார்த்திருக்கிறது. இருபுறமும் போல்ட் பிடித்து இழுத்திருக்கிறது. நாரோட்டத்துக்குக் குறுக்கே இழுத்தால் மரத்துக்கு வலு மிகக் குறைவு. விறகைக் கோடாலியால் பிளப்பது எளிதாக இருப்பதும் இதனால்தான். போல்ட்டுக்கு வெளியே இருந்த மரம் மட்டும் சுதந்திரமாக வற்றி 2 மில்லிமீட்டர் குறைய, மொத்தம் 178 ஆனது. நடுவே விட்டுப்போன 3 மில்லிமீட்டர்தான் விரிசலின் வாய். கணக்கு இப்படிப் பைசா பிசகாமல் பொருந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சரி, வற்றியது எவ்வளவு ஈரத்திலிருந்து? மரத்தின் ஈரத்தைக் காட்டும் மீட்டர் எங்களிடம் இல்லை. என்னிடம் சமையல் தராசும், கேக் செய்யும் ஓடிஜியும் உண்டு. பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு அறுத்தோம், 66 கிராம். ஓடிஜியை 100 டிகிரியை ஒட்டி வைத்து, மணிக்கு ஒரு தடவை எடுத்து எடை போட்டோம். 63, 61, 60, மறுபடி 60. இனி இறங்காது என்றானதும் நிறுத்தினோம். போன தண்ணீர் 6 கிராம், உலர்ந்த மரம் 60 கிராம். ஆக அன்றைக்கு அதன் ஈரம் 10 சதவீதம். (மர ஈரத்தை எப்போதும் உலர்ந்த எடையை வைத்துத்தான் சொல்வார்கள். அதனால் பச்சை மரத்துக்கு 100 சதவீதத்துக்கு மேலும் வரும்.) அடுக்களை முழுக்க லேசான மாம்பட்டை வாசனை. அடுத்த நாள் அதில் வைத்த பிஸ்கட்டிலும் அது கொஞ்சம் இருந்தது என்று என் மகள் சொன்னாள்; எனக்குத் தெரியவில்லை.

மரத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை எவ்வளவு தண்ணீர் போனாலும் மரம் சுருங்காது. குழல்களுக்குள் தேங்கியிருக்கும் தண்ணீர்தான் அப்போது போகிறது. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் நாரின் சுவரிலிருந்தே ஈரம் கழன்று மரம் சுருங்குகிறது. மாமரம் அந்த 30-லிருந்து முழுக்க உலரும்வரை, மரத்தின் வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில், ஏறக்குறைய ஐந்தரை சதவீதம் சுருங்கும். எங்கள் பலகை 180-க்கு 5, அதாவது 2.8 சதவீதம். மொத்தச் சுருக்கத்தில் பாதி. அப்படியானால் 15 புள்ளி ஈரம் போயிருக்கிறது. இப்போது 10 என்றால், கார்த்திகையில் செய்த அன்று 25.

25 சதவீத ஈரம் உள்ள மரத்தில் இழைப்புளி வெண்ணெயில் போவது மாதிரிப் போகும். அன்று மாடியிலிருந்து இறங்கி வந்து அவர் அதைத்தான் பெருமையாகச் சொன்னார்.

யார் பக்கம் நியாயம்

மறு சனிக்கிழமை எங்கள் தெருவில் கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியிடம் பலகையைக் காட்டினோம். அவர் அதை வாங்கித் திருப்பி, ஓரத்தில் வளையத்தைப் பார்த்து, நகத்தால் ஒரு கீறு கீறி, “கட்டை வத்தும்லா சார்? வத்துனா எங்கன போவும்? இங்கனயும் கட்டிப்போட்டு அங்கனயும் கட்டிப்போட்டா” என்றார்.

“எட்டு வாரம் காயவச்சேன் அண்ணாச்சி.”

“மழையிலயா?”

அதோடு என் கணவர் பேச்சை முடித்துக்கொண்டார்.

குளிர்நாட்டுத் தச்சர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்று கணக்கு வைப்பார்கள். நம் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் காயும். ஆனாலும் ஒன்றரை அங்குலப் பலகைக்கு, அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், எட்டு வாரம் போதவே போதாது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், எவ்வளவு நாள் வைத்தாலும் மரம் 16 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. சித்திரை வெயிலில் காற்று வறண்டு 50-க்கு வந்தால் மரமும் 9-க்கு இறங்கும். எங்கள் பலகை இருந்த 25-க்கு அது எப்படிப் பார்த்தாலும் வற்றியே தீர வேண்டிய நிலை.

என் பங்கும் இருக்கிறது. எண்ணெய் பூசியது மேல்முகத்தில் மட்டும்; அடிமுகம் வெறும் மரம். அது அவர் தவறு. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தொட்டியில் படுக்கவைத்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, நறுக்கின கறையைத் தேய்த்து, அப்படியே கொண்டுபோய் மொட்டை மாடிச் சுவரில் வெயிலைப் பார்க்கச் சாத்தியது நான். அடிமுகமும் வெட்டுமுகமும் (நார் வெட்டுப்பட்டிருக்கும் இரண்டு முனைகள்) தண்ணீரைக் குடிக்கும், ஒரு முகம் மட்டும் வெயிலில் சீக்கிரம் காயும். இழுபறியில் பலகை கோணும். மாசியில் வந்த ‘டக் டக்’ இதுதான். கோணலுக்கு நான் பொறுப்பு. பிளவுக்கு இல்லை.

என் பொறுப்பைக் கூட்டிக் காட்ட அவர் ஒரு தடயம் கொண்டுவந்தார். போல்ட் துளையைச் சுற்றி மரம் கருநீலமாகியிருந்தது. வாழைக்காய் நறுக்கினால் அலகு கறுக்கிறதே, அதே வேதியியல். துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் இந்த மை பிறக்கும். “தண்ணி இறங்கியிருக்கு பாரு” என்றார். ஆனால் கறை துளையின் முழு ஆழத்துக்கும் ஒரே அகலத்தில் இருந்தது. மேலிருந்து இறங்கிய தண்ணீர் என்றால் மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருக்க வேண்டாமா என்று கேட்டேன். மரத்தின் சொந்த ஈரமே போதுமே. அவரும் யோசித்தார். உண்மையில் இதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது. துளையின் சுவர் வழியாகத் தண்ணீர் அடிவரை போகவும் வழி உண்டு. அந்தத் தடயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆக, பச்சை மரம் என்ற என் கட்சி ஜெயித்ததா? முழுக்க இல்லை. பச்சை மரமாக இருந்தும் நடுப்பகுதி பிளக்கவில்லையே. 5 மில்லிமீட்டர் வற்றிவிட்டுச் சும்மா இருந்தது. பிளந்தது கட்டிப்போட்ட இடத்தில். பின்பக்கக் கால் கட்டை பூட்டிய இடத்திலும், ஸ்க்ரூவுக்கு மேலே, தலைமுடி அளவில் இன்னொரு விரிசல் தொடங்கியிருந்தது. என் தீர்ப்பு: ஈரம் பாதிக் காரணம், குறுக்கே இறுக்கியது மீதிக் காரணம். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அலகு அன்று ஆடியிருக்காது. ஆசாரி இதை ஒரு வரியில் சொல்லிவிட்டார், நாங்கள் அதற்குத் தராசும் ஓடிஜியும் வைத்தோம்.

இரண்டாவது பலகை

இந்தத் தடவை பழைய மரக்கடைக்குப் போனோம். இடித்த வீட்டு நிலைச்சட்டம், 6 அங்குலத்துக்கு 4, தேக்கு. கடைக்காரர் பர்மா தேக்கு என்றார். பழைய மரக்கடையில் பர்மா தேக்கு இல்லாத மரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. எது எப்படியோ, வைரம் பாய்ந்த கட்டை. ஓரத்தில் ஒரு விரற்கடை வெள்ளை, அதாவது வைரமாகாத வெளிமரம், மட்டும் இருந்தது, அதை என் கணவர் நீக்கிவிட்டார். அறுவை மில்லில் ஆணி இருந்தால் ரம்பப் பல் போய்விடும் என்று வாங்க மறுத்தார்கள். காந்தம் வைத்துத் தேடி, மூன்று ஆணி பிடுங்கிக் காட்டிய பிறகு அறுத்துக் கொடுத்தார்கள்.

அத்தனை வருடம் நிலையாக நின்ற மரம் காய்ந்துதான் இருக்கும் என்று நான் நினைத்தேன். இவர் நம்பவில்லை, பட்டது போதும் என்ற பயம். அறுத்த பலகையை அடுக்களை அலமாரி மேல் வைத்து, ஞாயிறுதோறும் என் தராசில் எடை போட்டார். 1,812 கிராம், 1,790, 1,786, 1,785. எடை நின்றதும் உளியைத் தொட்டார். பலகை எங்கே புழங்கப்போகிறதோ அங்கேயே அதைக் காயவிடுவது நல்லது, அந்த அறையின் ஈரத்துக்கு அது பழகிக்கொள்ளும். நாலு வாரம் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்குச் சங்கடம்.

பட்டைக்கு இரண்டு போல்ட்தான், ஆனால் பலகையில் ஒரு துளை வட்டம், மற்றது குறுக்குவாட்டில் நீண்ட துளை: 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் நீளம். மரம் வற்றினாலும் ஊதினாலும் போல்ட் அதற்குள் நகரும். அகலமான வாஷர். நட்டை வெறிபிடித்து முறுக்காமல், மேலே இன்னொரு நட்டு போட்டுப் பூட்டினார். கழன்றுவிடுமோ என்ற கவலை இல்லை. கால் கட்டைகளுக்குப் பசையே கிடையாது. நடு ஸ்க்ரூ இறுக்கம், இரண்டு ஓர ஸ்க்ரூவுக்கும் நீண்ட துளை. மாமரப் பலகைக்கு இதையெல்லாம் செய்திருந்தால் அதுகூடத் தப்பித்திருக்கும் என்பது என் எண்ணம்.

பூச்சில்தான் அடுத்த சண்டை வரவிருந்தது. முதல் பலகைக்கு அவர் பூசியது ஹார்டுவேர் கடை லின்சீட் ஆயில். அது காற்றில் உலர்ந்து கெட்டியாகும் எண்ணெய்தான், ஆனால் கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் சீக்கிரம் உலர உலோக உப்பு கலந்திருக்கும். காயும் பழமும் உருளும் பலகைக்கு எனக்கு அது வேண்டாம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதும் பலருக்குத் தெரியாது. தகரக் கொட்டகையில் நான் பார்த்த துணிக் குவியல் இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது துணியை விரித்துக் காயவைத்துத்தான் எறிகிறார். சமையல் எண்ணெய் பூசலாமே என்று அத்தை சொன்னார்கள். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் முழுசாக உலராது, பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். எங்கள் பழைய சப்பாத்திப் பலகையே சாட்சி.

முடிவில் லிக்விட் பாரஃபினும் தேன்மெழுகும். லிக்விட் பாரஃபின் மருந்துக்கடையில் மலச்சிக்கலுக்கு விற்பது. கெட்டுப்போகாது, மணம் இல்லை. அவர் இரண்டு பாட்டில் கேட்டபோது கடைக்காரர், “எத்தனை நாளா சார்?” என்று அக்கறையாக விசாரித்தாராம். நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து என் அடுப்பில்தான் உருக்கினோம். ஆறு முகத்திலும் பூசினார், வெட்டுமுகத்தில் மூன்று தடவை. நாரின் வாய் திறந்திருப்பது அங்கேதான், ஈரம் போவதும் வருவதும் அங்கேதான் அதிகம். இந்தப் பூச்சு ஈரத்தைத் தடுத்துவிடாது, தாமதப்படுத்தும். என் பங்குக்கு நானும் மாறினேன்: ஈரத்துணியால் துடைப்பு, உடனே உலர்துணி, நிழலில் செங்குத்தாக நிறுத்துவது. வெயில் கிடையாது.

முதல் ஞாயிறு

ஆனி மாதம் அது அடுக்களைக்கு வந்தது. அன்றும் சொதிதான், வேறு எதை வைத்துச் சோதிப்பது? கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சமையல், எங்கள் பக்கம் மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். இலங்கையிலும் சொதி உண்டு, அது இன்னும் தண்ணீராக, காலை இடியாப்பத்துக்கு இருக்கும். எங்களுடையது மதியச் சோற்றுக்கு.

இரண்டு தேங்காய், நாலு மூடி. பலகை மூச்சுக்கூட விடவில்லை. தடித்த முதல் பால் ஒன்றரை டம்ளர், இரண்டாம் பால், மூன்றாம் பால் தனித்தனியாக. மூன்றாம் பாலில் முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம், பூண்டு வேக வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுது. வேகவைத்த பாசிப்பருப்பை மசித்து இரண்டாம் பாலோடு சேர்த்து ஒரு கொதி. அப்புறம் தீயைக் குறைத்து முதல் பால். நுரை கட்டி ஓரம் அசையும்போதே இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக மிதக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கின பிறகுதான், சூட்டில் பிழிந்தாலும் திரியும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சொதி வயிற்றில் கனமாக உட்காரும், இஞ்சி அதற்குத்தான்.

இலை போட்டதும் அவர் முதலில் கேட்டது, “ஆடுச்சா?” என்றுதான்.

“சாப்பிடுங்க முதல்ல” என்றேன்.

இப்போது கார்த்திகை. ஆனியில் 150 இருந்த பலகை நேற்று அளந்தபோது 151. நீண்ட துளைக்குள் போல்ட் நகர்ந்த தடம் வாஷருக்கு அடியில் மெல்லிய பளபளப்பாகத் தெரிகிறது. விரிசல் எங்கும் இல்லை. பழைய மாமரப் பலகையை அறுத்து, பிளக்காத நடுப்பகுதியில் எனக்கு இரண்டு அகப்பை செய்து கொடுத்தார். ஒன்று கைப்பிடி கொஞ்சம் குட்டை, சூடு சுடுகிறது.

புதியதில் ஒரே குறை, பழையதைவிட முக்கால் அங்குலம் உயரம் குறைவு. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முட்டி வலிக்கிறது. இப்போதைக்கு ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காருகிறேன். உயரமாக வேறு கால் கட்டை செய்யட்டுமா என்று கேட்டார். மரம் பார்த்து வைத்திருக்கிறாராம், எங்கோ வேம்பு வெட்டினார்களாம். தை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த வேம்பு அலமாரி மேலேயே இருக்கட்டும், தராசும் இங்கேதான் இருக்கிறது.